பட்டறைக்கு இரண்டு வாசல்

(குலசேகரன்பட்டினத்தில் மேல்நிலை வகுப்பு மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தசராவுக்கு இந்தக் குலசைக்கு வருகிறவர்கள் வேஷம் பார்க்க வருகிறார்கள். காளி, குரங்கு, ராஜா, ராணி என்று லட்சக்கணக்கான சனம் முத்தாரம்மன் சன்னதிக்கு வந்து சேரும். நானும் பல வருஷம் வந்திருக்கிறேன். என் கண் மட்டும் விளக்குப் பந்தலுக்குத்தான் போகும். மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி ஆசிரியராகவே காலம் கழித்தவன் கண் வேறெங்கே போகும்?

போன தசராவில் ஒரு ஜெனரேட்டர் வண்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பதினாறு பதினேழு வயசுப் பையன் ஒருவன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். “சத்தம் கம்முது, எங்கயோ லோடு ஏத்திட்டானுவ” என்று சொல்லிவிட்டு, டாங் டெஸ்டரை எடுத்து ஒவ்வொரு ஃபேஸாகப் பிடித்துப் பார்த்தான். எந்த ஃபேஸில் சுமை கூடியிருக்கிறது என்று கண்டுபிடித்தான். இரண்டு சீரியல் செட்டைக் கழற்றி வேறு ஃபேஸுக்கு மாற்றினான். ஐந்து நிமிஷ வேலை. நான் வகுப்பில் இதை விளக்க மூன்று பீரியடு எடுத்துக்கொள்வேன்.

“என்ன படிக்கிற தம்பி?” என்றேன்.

“பிளஸ் டூ, காமர்ஸ் குரூப் சார்.”

“எலக்ட்ரிகல் குரூப் எடுத்திருக்கலாமே?”

“எங்க ஸ்கூல்ல அந்த குரூப்ப மூடிட்டாங்க சார். வாத்தியார் ரிட்டயர்டு ஆயிட்டாரு, வேற ஆள் போடல.”

பள்ளியின் பெயரைச் சொல்ல வேண்டாம். ஒரு பள்ளியோடு முடிகிற சங்கதி இல்லை இது. தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரம்புவதில்லை. இடம் நிரம்பாவிட்டால் மாணவர் சேர்வதில்லை. மாணவர் சேராவிட்டால் பிரிவைப் பூட்டிவிடுகிறார்கள். அந்தப் பையனின் முகம் இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. இன்றைக்கு இந்த மேடைக்கு நான் வந்ததற்கு அவன்தான் காரணம்.

அவன் நின்ற இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளம் எழும்பிக்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கே ஒரு சிறிய ரோகிணி ராக்கெட் இந்தக் கரையிலிருந்து மேலே போனது. 2025 ஆகஸ்டில் ஏவுமேடைக்குப் பூமி பூஜை நடந்தது. மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி ஊர்களில் 2,200 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்திருக்கிறார்கள். திட்டச் செலவு 986 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் சில குடும்பங்களின் நிலமும் அதில் போயிருக்கும். ராக்கெட் ஏவுகிற நாள்களில் கடலுக்குப் போக முடியுமா என்ற கவலையும் கரையில் இருக்கிறது. இவற்றை நான் மறந்துவிட்டுப் பேசவில்லை.

ஏன் இந்த ஊர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எளிதில் புரியும். துருவப் பாதைக்குப் போக வேண்டிய செயற்கைக்கோளைத் தெற்கே பார்த்து ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போனால் வழியில் இலங்கை இருக்கிறது. ஜனங்கள் வாழும் நிலத்துக்கு மேலே ராக்கெட் பறக்கக் கூடாது. அதனால் வளைந்து போக வேண்டும். ஒரு தீவைச் சுற்றிக்கொண்டு போகும் தோணிக்கு டீசல் எவ்வளவு கூடுதலாகும் என்று தண்டலைக் கேட்டால் சொல்வார். பெரிய ராக்கெட் அந்தக் கூடுதலைத் தாங்கும். இங்கிருந்து ஏவப்போகும் எஸ்.எஸ்.எல்.வி. சிறியது, 34 மீட்டர் உயரம், 120 டன் எடை, 500 கிலோ வரை சுமக்கும். வளைந்து போனால் அதன் சுமையில் பெரும் பங்கு எரிபொருளுக்கே போய்விடும். குலசையிலிருந்து தெற்கே நேராகத் திறந்த கடல். இந்தக் கரைக்கு இயற்கை கொடுத்த கொடை அது. இந்த ராக்கெட்டைக் கட்டும் தொழில்நுட்பத்தை 2025-ல் எச்.ஏ.எல். நிறுவனம் ஏலத்தில் பெற்றிருக்கிறது. அப்படியென்றால் உதிரிப் பாகம், பற்றவைப்பு, பரிசோதனை, ஏற்றி இறக்கும் வேலை எல்லாம் தொழிற்சாலைகளின் கைக்கு வரப்போகிறது. பக்கத்திலேயே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் எஞ்சின் சோதனை மையம். இந்தப் பக்கம் கல்லாமொழியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட உடன்குடி அனல்மின் நிலையம். தூத்துக்குடியில் துறைமுகம், 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை. நம் பிள்ளைகளைச் சுற்றி இவ்வளவு இரும்பும் மின்சாரமும் இதற்கு முன் ஒருபோதும் இருந்ததில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், கவனமாகக் கேளுங்கள். இஸ்ரோவில் டெக்னீஷியன் வேலைக்கு விளம்பரம் வரும்போது தகுதி என்ற இடத்தில் என்ன போட்டிருக்கும் தெரியுமா? பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அதோடு ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் என்று உரிய பிரிவில் ஐ.டி.ஐ. சான்று அல்லது தேசியத் தொழிற்பழகுநர் சான்று. அதற்கு மேல்படியான டெக்னிக்கல் அசிஸ்டென்ட் வேலைக்கு முதல் வகுப்பில் டிப்ளமா. பிளஸ் டூ தொழிற்பிரிவில் இரண்டு வருஷம் இயந்திரவியல் படித்த பிள்ளையின் சான்றிதழுக்கு அந்த இரண்டு வரிகளிலும் இடம் கிடையாது. நான் பாடம் நடத்தி, செய்முறைத் தேர்வு வைத்து, மதிப்பெண் போட்டு அனுப்பிய எத்தனையோ பிள்ளைகள் அந்த விளம்பரத்தோடு வீட்டுக்கு வந்து, “சார், நான் இதுக்கு எழுதலாமா?” என்று கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது.

மேல்நிலைத் தொழிற்கல்வி இப்படி நடுவழியில் நிற்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. பத்தும் இரண்டும் என்ற முறை 1978-ல் தமிழ்நாட்டுக்கு வந்தபோதே தொழிற்பிரிவும் கூட வந்தது. அதே வருஷம் மால்கம் ஆதிசேஷையா தலைமையில் மேல்நிலைக் கல்வியைப் பற்றி ஒரு தேசியக் குழு அறிக்கை தந்தது. வேலூரில் பிறந்து யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தவர் அவர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவியவர். அந்த அறிக்கைக்குச் ‘செய்யக் கற்றல்’ என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். அதன் பின் 1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் 10 சதவீதம், 1995-க்குள் 25 சதவீதம் பேர் தொழிற்பிரிவில் இருக்க வேண்டும் என்றது. நடக்கவில்லை. 1992-ல் அதே இலக்கை 1995, 2000 என்று தள்ளி வைத்தார்கள். அதுவும் நடக்கவில்லை. 2020 கொள்கை, 2025-க்குள் பாதிப் பேருக்காவது தொழிற்கல்வியின் அறிமுகம் கிடைக்க வேண்டும் என்றது. அந்த வருஷமும் வந்து போயிற்று. வருஷத்தை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டிருந்தால் பட்டறைக்குள் மிஷின் வந்துவிடாது.

மிஷின் என்றதும் என் கதையைச் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் நல்ல லேத் ஒன்று இருந்தது. த்ரீ ஃபேஸ் இணைப்பு இல்லை. மனு எழுதினேன், அலைந்தேன், இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அந்த இரண்டு வருஷமும் பிள்ளைகள் லேத்தைக் கரும்பலகையில் படமாக வரைந்துதான் படித்தார்கள். சக்கை வரைவார்கள், டெயில் ஸ்டாக்கை வரைவார்கள், அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுவார்கள். உண்மையான லேத் அந்த அறையின் மூலையில் சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கும். கடைசியில் பள்ளிக்கு எதிரே பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரிடம் போய் நின்றேன். படிப்பு அதிகமில்லாத மனிதர். கொஞ்ச நேரம் யோசித்தார். “சார்வாள், நாலு மணிக்கு மேல பயலுவள அனுப்புங்க. கையக் கிய்ய விட்டுக்காம நான் பாத்துக்கிடுதேன்” என்றார். அந்த வருஷம்தான் என் மாணவர்களுக்கு இரும்புத் தூள் கையில் ஒட்டியது. அளவு தப்பினால் ஒரு உருப்படியே வீணாகும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டார்கள். பரீட்சைத் தாளில் அளவு தப்பினால் அரை மதிப்பெண் போகும், அவ்வளவுதான்.

அந்த அண்ணாச்சி தன்னையறியாமல் செய்ததைத்தான் ஜெர்மனி சட்டமாகவே வைத்திருக்கிறது. அங்கே தொழில் பழகும் இளைஞன் வாரத்தில் சில நாள் தொழிற்சாலையில், சில நாள் தொழிற்பள்ளியில் இருப்பான். தொழிற்சாலை அவனுக்குச் சம்பளமும் கொடுக்கும். சுவிட்சர்லாந்தில் கட்டாயக் கல்வி முடித்த பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு இந்த வழியில்தான் போகிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள். காரணம், தொழில் கற்றவன் பின்னால் ஒரு தேர்வு எழுதி உயர்கல்விக்கும் போகலாம் என்று அவர்கள் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் பெற்றோர் என்னிடம் என்ன சொல்லிப் பிள்ளையைச் சேர்ப்பார்கள்? “சார், இவனுக்குப் படிப்பு ஏறல. எதுலயாவது சேத்துவிடுங்க, பாஸ் ஆனாப் போதும்.” அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான். முதல் குரூப்புக்கு மதிப்பெண் இல்லாதவன், இரண்டாவது குரூப்பும் கிடைக்காதவன், கடைசியில் தொழிற்பிரிவு. பள்ளியும் அப்படித்தான் பிரித்து அனுப்பியது. வெட்கத்தோடு உள்ளே வந்த பிள்ளையிடம் தொழிலின் மதிப்பைச் சொல்லிப் புரியவைக்கவே எனக்கு ஆறு மாசம் ஆகும்.

ஆனால் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1953-ல் ராஜாஜி ஆட்சி தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அரைநாள் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் வீட்டில் அப்பா செய்யும் தொழிலைப் பழக வேண்டும். ஜனங்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தார்கள். பெரியார் எதிர்த்துக் கிளர்ந்தார், தமிழ்நாடே கொந்தளித்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சராகி அதை விலக்கினார். பனையேறி மகன் பனையேறி, மீனவன் மகன் மீனவன், சவரத் தொழிலாளி மகன் அதே தொழில் என்று பள்ளிக்கூடமே முத்திரை குத்தும் நிலை வந்தால், அந்தப் பள்ளிக்கூடத்தை ஜனங்கள் எப்படி நம்புவார்கள்? நானும் பனையேறி வீட்டுப் பிள்ளை. என் அப்பா விடிலியில் பதநீர் காய்ச்சும் புகைக்குள் உட்கார்ந்துகொண்டு, “நீ இந்தப் பக்கமே வரக் கூடாதுலே” என்று என்னை விரட்டிப் படிக்க வைத்தார். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சேதியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே நேரம், அந்த மரத்தில் ஏறி இறங்கித் தேய்ந்த அப்பாவின் மார்பும் கால்களும் நினைவுக்கு வந்தன.

ஆகவே அந்த எதிர்ப்பு நியாயமானது. இன்றும் அந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது. 2023-ல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தபோது பதினெட்டுத் தொழில்களைப் பட்டியலிட்டது. படகு கட்டுவது, வலை பின்னுவது இரண்டும் அதில் உண்டு. பயனாளியின் குறைந்தபட்ச வயதைப் பதினெட்டு என்று வைத்தார்கள். பதினெட்டு வயசுப் பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டியவன், அவனை ஏன் குடும்பத் தொழிலுக்குள் இழுக்கிறீர்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. வயதை 35 ஆக்குங்கள், குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுங்கள் என்றது. 2024 நவம்பரில் அந்தத் திட்டத்தை இப்போதுள்ள வடிவில் ஏற்க முடியாது என்று எழுதிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு.

என் வருத்தம் வேறு. அப்பன் தொழிலை மகன் தலையில் கட்டக் கூடாது என்ற நியாயத்தைச் சொல்லிச் சொல்லியே, எந்தத் தொழிலையும் பிள்ளை தானாக விரும்பிக் கற்கும் இடத்தைப் பள்ளிக்கூடத்தில் வைக்காமல் விட்டுவிட்டோம். மீனவன் மகன் வெல்டராகட்டும், பனையேறி மகள் எலக்ட்ரீஷியனாகட்டும், டாக்டர் மகன் படகு எஞ்சின் மெக்கானிக்காகட்டும். சாதியின் கட்டை அறுக்க நாம் கையில் எடுத்திருக்க வேண்டிய கத்தி அது. துருப்பிடிக்க விட்டுவிட்டோம்.

குலம் பாராமல் தொழில் கற்றுக்கொடுப்பதை ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே நம் பக்கத்து ஊரில் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். உடன்குடி வழியாகப் போனால் நாசரேத். 1876-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்தின் காலத்தில் அங்கே வந்த கேனன் மர்காசியஸ் ஐயர், பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். வெறும் கஞ்சி ஊற்றினால் போதாது என்று 1878-ல் கலைத் தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தச்சு, கொல்லு, தையல் என்று கற்றுக்கொடுத்தார்கள். இந்தியாவின் மிகப் பழைய தொழிற்பள்ளிகளில் ஒன்று அது, இன்றும் ஐ.டி.ஐ.யாக நடக்கிறது. அனாதைப் பிள்ளையின் கைக்குத் தொழில் கொடுத்தபோது இவன் எந்தக் குலம், இவன் அப்பன் என்ன செய்தான் என்று பார்த்திருக்க முடியுமா? அப்பனே இல்லையே.

சரி, இப்போது உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு முடிக்கப்போகும் பிள்ளை இருக்கிறது. என்ன வழிகள் திறந்திருக்கின்றன?

நான் பட்டறைக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும் என்பேன். ஒன்று பிழைப்புக்குப் போகும் வாசல். இன்னொன்று மேற்படிப்புக்குப் போகும் வாசல். எந்தப் படிப்பைப் பற்றி யார் சொன்னாலும் இந்த இரண்டு வாசலும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பத்து முடித்து ஐ.டி.ஐ.க்குப் போகலாம். வெல்டர் ஒரு வருஷம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், குளிர்பதனம் இவை இரண்டு வருஷம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக்குக் கட்டணமில்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையாக இருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும், ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் அது பொருந்தும். இது பலருக்குத் தெரியவில்லை, காலேஜுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய ஐ.டி.ஐ.களை நினைத்துத் தயங்கவும் வேண்டாம். டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, கணினி வழி இயங்கும் இயந்திரங்கள் எல்லாம் கொண்டுவந்திருக்கிறார்கள். “பிளஸ் டூ இல்லாமப் போயிருமே சார்” என்று ஒரு கவலை. பத்து முடித்து இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படித்த பிள்ளை மொழிப் பாடங்களை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று கிடைக்கும். ஐ.டி.ஐ. முடித்து பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமா முடித்து பி.இ.யில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். வாசல் இருக்கிறது. ஆனால் வாசலைக் காட்டும் ஆள்தான் இல்லை.

பள்ளியிலேயே இருந்து பிளஸ் டூ தொழிற்பிரிவு படிப்பவர்களுக்கும் வழி உண்டு. பாலிடெக்னிக் இரண்டாம் வருஷத்தில் அவர்களுக்கும் நேரடிச் சேர்க்கை. பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு. இன்னொன்று சொல்கிறேன், ஆசிரியர்களிலேயே பலர் அறியாதது. 1961 தொழிற்பழகுநர் சட்டத்தை 1986-ல் திருத்தி, பிளஸ் டூ தொழிற்பிரிவு முடித்தவர்களையும் ஒரு வருஷப் பழகுநராக எடுக்க வழி செய்தார்கள். சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியம் அதைக் கவனிக்கிறது. உதவித்தொகையில் பாதியை ஒன்றிய அரசு நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். துறைமுகமும் அனல்மின் நிலையமும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும் ஊரில், தொழிற்பிரிவு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அந்த வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தலைமையாசிரியர்கள் இதை ஒரு கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

மேற்படிப்பு வாசலைப் பற்றிச் சொன்னேன். அதன் வழியாக எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. இஸ்ரோவின் தலைவர் வி.நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். தமிழ் வழியில் படித்தவர். அவர் முதலில் முடித்தது இயந்திரவியல் டிப்ளமா. தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார். ஏ.எம்.ஐ.இ. தேர்ச்சி பெற்றார். 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியலில் எம்.டெக்., பிறகு முனைவர் பட்டம். 2025 ஜனவரியில் தலைவரானார். நம் ஊர் ஏவுமேடைக்குப் பூமி பூஜை செய்தவரும் அவர்தான்.

ஏ.எம்.ஐ.இ. என்பது கல்லூரிக்குப் போக வசதியில்லாதவர்கள் வேலை பார்த்துக்கொண்டே எழுதிப் பொறியாளராகும் தேர்வு. 2013 மே மாதத்துக்குப் பின் அதில் சேர்ந்தவர்களுக்குப் பட்டத்துக்கு இணை என்ற ஏற்பை அரசு நிறுத்திவிட்டது. அவர் ஏறிப்போன படிகளில் ஒன்றை இன்றைய பிள்ளைகளுக்கு இல்லாமல் எடுத்துவிட்டோம். வேலையில் இருக்கும் டிப்ளமாக்காரர்களுக்குச் சில கல்லூரிகளில் பகுதிநேர பி.இ. உண்டு என்றாலும், திருச்செந்தூர் தாலுகாவில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன் மாலையில் எங்கே போய்ப் படிப்பான்? இதைச் சட்டமன்றத்தில் பேசுகிறவர்கள் கேட்க வேண்டும்.

இந்தக் கரைக்கு என்று சில பாடங்கள் வேண்டும். இன்றைக்கு வள்ளத்தில் வைக்கும் மோட்டார் பழுதானால் ஒரு நாள் தொழில் போச்சு. அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த பையன்கள் கரையில் இருக்கிறார்கள். யாரும் அவர்களுக்குச் சான்று கொடுத்ததில்லை. பிடித்த மீன் கெடாமலிருக்கக் குளிர்பதனம் வேண்டும். அதே குளிர்பதனம் தெரிந்தவன் ராக்கெட் ஏவுதளத்திலும் வேலை செய்யலாம். உப்புக்காற்றில் இரும்பு எப்படி அரிக்கும், அதை எப்படிக் காப்பது என்பது உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் ஏவுமேடைக்கும் ஒன்றுபோல வேண்டியது. முத்துக் குளிப்பு 1961-க்குப் பின் இந்தக் கடலில் நடக்கவில்லை. ஆனால் 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி என்ற விஞ்ஞானி இந்தியாவில் முதன்முதலாகக் கடல் முத்தை வளர்த்தெடுத்தார். சிப்பிக்குள் கரு வைப்பது நுட்பமான கைவேலை. அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாக ஏன் வைக்கவில்லை என்று எனக்குப் பல வருஷமாக ஆதங்கம். கற்றுக்கொடுக்க இடமில்லை என்றும் சொல்ல முடியாது, 1977 முதல் மீன்வளக் கல்லூரி தூத்துக்குடியிலேயே இருக்கிறது.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மணப்பாட்டில் பெண்கள் பனையோலையில் செய்யும் வேலையை நான் பார்த்திருக்கிறேன். விரல் அவ்வளவு நிதானமாக ஓடும். அந்த நிதானம்தான் மின்னணுச் சுற்றுப் பலகையில் சால்டரிங் செய்யவும் வேண்டும், டிக் வெல்டிங்குக்கும் வேண்டும். பொம்பளப் பிள்ளைக்குத் தொழிற்பிரிவு என்றால் செவிலியமும் ஆடை வடிவமைப்பும்தான் என்று எத்தனை பள்ளிகளில் தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். அவை நல்ல படிப்புகள்தாம். அவளே கேட்டு எடுத்தால் சரி. நாம் அவளுக்காக முடிவு செய்தால் அதுவும் ஒரு குலக்கல்விதான்.

இப்போது ஒரு நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பதினாறு வயசுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது. அந்த வருஷத்தையும் பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே உருப்போட வைத்துத் தின்றுவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள், எந்த குரூப் பிள்ளையானாலும், ஏதாவது ஒரு பட்டறையில் நிற்கட்டும். நம் ஊரில் பட்டறை வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். அந்த அண்ணாச்சியைப் போல நாலு மணிக்கு மேல் கதவைத் திறந்து வைக்க நாலு பேர் முன்வந்தால், மிச்சத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். பாதுகாப்புக் கண்ணாடியும் பூட்ஸும் வாங்கப் பெற்றோர் ஆசிரியர் கழகம் முயற்சி எடுக்கலாம்.

தசராவில் பார்த்த அந்தப் பையனிடம் அன்றைக்கே சொல்லிவிட்டு வந்தேன். காமர்ஸை முடி, விட்டுவிடாதே. முடித்ததும் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் சேர், பத்தாம் வகுப்புச் சான்று உன்னிடம் இருக்கிறதல்லவா, அது போதும். இரண்டு வருஷம் கழித்து இஸ்ரோ விளம்பரம் வரும்போது நீயும் விண்ணப்பம் போடலாம். அவன் தலையை ஆட்டினான். “காமர்ஸ் படிச்சது வேஸ்ட்டா சார்?” என்று கேட்டான். இல்லையப்பா, நாளைக்கு நீயே கான்ட்ராக்ட் எடுத்தால் கணக்கு யார் எழுதுவது என்றேன்.

கூட்டம் முடிந்ததும் நான் அந்த ஓரத்து மேசையில் உட்கார்ந்திருப்பேன். எந்த ஐ.டி.ஐ.யில் என்ன பிரிவு, பாலிடெக்னிக் சேர்க்கைக்கு என்ன தேவை, பழகுநர் வாரியத்தில் எப்படிப் பதிவது என்று தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எதில் விருப்பம் என்று நான் அவனிடம்தான், அவளிடம்தான் கேட்பேன்.